முதல் டம்ளர்

பாம்பூஃப்ளாட், அந்தமான்,
மார்ச் 9

அன்பு அம்மாவுக்கு,

மகன் ராபின் எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டு லைன் வீடுகளுக்கு நாங்கள் போட்ட குழாயில் போன மாதம் தண்ணீர் வந்தது. மருந்து வாடை என்று யாரும் வாயில் வைக்கவில்லை. அதில் துணி துவைத்துவிட்டு, குடிக்க மட்டும் கக்கூஸ் குழிகளுக்குக் கீழே உள்ள பழைய கிணற்றுக்கே போனார்கள். அதனால் எல்லோர் முன்னாலும் முதல் டம்ளரை நானே குடித்துக் காட்டினேன். பத்தே நாளில் எனக்கு மஞ்சள் காமாலை.

வேலை நடந்த மூன்று மாதமும் நான் குடித்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். நோய் அதில்தான் வந்தது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

"பாத்தியா தம்பி, உன் நல்கா பானி வேலயக் காட்டிருச்சு" என்கிறார் பக்கத்து வீட்டு விசாலாட்சி அக்கா. குழாய்த் தண்ணீருக்கு இங்கே அப்படித்தான் பெயர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டேன். நம் ஊரிலிருந்து கப்பலில் வரும் டெர்வினிடம் கீழாநெல்லியைக் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக, சாத்தம் போகும் போட் வந்துவிட்டது. என் கண் சீக்கிரம் வெளுக்க ஜெபியுங்கள் அம்மா. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பார்கள்.

உங்கள் ராபின்