மூன்றாவது அளவு

நாள் 212, காலை 6.10. நிலவு, தென்முனை மின்நிலையம்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி மறைக்காமல் எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் சரி.

சோலார் பேனல்கள் ஒழுங்காக ஓடுகின்றன. நான்காம் வரிசை மட்டும் ஓடவில்லை. என்னோடு இங்கே இருந்த ஒரே ஆள் இசக்கிராஜா செத்த இடம் அது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

காலை 9.40

பேனலைக் கழட்டுமுன் கம்பியில் மின்சாரம் இல்லை என்று மல்டிமீட்டரால் உறுதிசெய்வதற்கான கையேட்டை எழுதியவன் நான். முதலில் நல்ல பேட்டரி ஒன்றை அளந்து மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். அடுத்து பேனல் கம்பி. அதன்பின் மறுபடியும் பேட்டரி. அந்த மூன்றாவது அளவை வெட்டியவர் பூமியில் இருக்கும் தலைமைப் பொறியாளர் வைத்தியலிங்கம். அட்டையிலிருந்த என் பெயரையும் வெட்டித் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணையே எத்தன தடவ சார் அளப்பீங்க? துணிக்கடையா இது?" என்றார்.

இசக்கியின் கடைசிச் செய்தி: "அண்ணாச்சி, பூச்சியம் காட்டுது. கழட்டுதேன். டீயப் போட்டு வைங்க."

கம்பியில் நானூறு வோல்ட் இருந்தது. கையுறை எரிந்து உடையின் காற்று போய்விட்டது. மீட்டரை அறைக்குள் வைத்துச் சோதிக்கச் சொன்னார்கள் பூமியிலிருந்து. நன்றாக வேலை செய்தது. ஆகவே இசக்கியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

பிற்பகல் 2.15

அதே மீட்டருடன் நானே போனேன். வெயிலில் பேட்டரி: பன்னிரண்டு வோல்ட். பேனலுக்குப் பின்னால், நிழலில், கம்பி: பூச்சியம். எதையும் கழட்டாமல், அங்கேயே நிழலில் நின்று பேட்டரியை மறுபடி அளந்தேன். பூச்சியம்.

வெயிலுக்கு வந்தேன். பன்னிரண்டு.

நிழலின் குளிரில் மீட்டரின் சிவப்பு ஒயர் உள்ளுக்குள் விட்டுப்போகிறது. சூடேறினால் ஒட்டிக்கொள்கிறது. அறைக்குள் எப்படித் தெரியும்?

மாலை 5.30

இதைப் படத்துடன் பூமிக்கு அனுப்பினேன். வைத்தியலிங்கத்தின் பதில்: "இப்பப் போய் கையேட்ட மாத்தினா கமிட்டி ஏன்னு கேக்கும். நீங்க ஊருக்குத் திரும்புற நேரத்துல எதுக்கு சார் வம்பு?"

வடமுனை நிலையத்திலிருந்து ஜெயசித்ரா கேட்டிருக்கிறாள். அவளிடமும் இதே ரக மீட்டர்தான். "அண்ணே, நாளைக்குக் காலைல எங்க பேனலக் கழட்டணும். ரெண்டே அளவுதான? பழையபடி மூணுன்னு சும்மா பயமுறுத்தாதீங்க."

மூன்று என்று பதில் போட்டேன். எங்கள் செய்திகள் பூமி வழியாகத்தான் போகும். என் பதில் 'பரிசீலனையில்' என்று நிற்கிறது.

மாலை 6.50

நிலவில் இருக்கிற எல்லோருக்கும் பொதுவான அரட்டைப் பக்கம் ஒன்று உண்டு. கிரிக்கெட் சண்டையும் சாம்பார் சண்டையும் நடக்கிற இடம். பூமியில் யாரும் அதைச் சீண்டுவதில்லை. இந்தக் குறிப்பு முழுவதையும் அங்கே போடுகிறேன்.

சித்ரா, மூன்று அளவு. பேட்டரி, கம்பி, பேட்டரி. மூன்றாவதை நிழலில் நின்றே எடு. வெயிலுக்கு வராதே.

பெயர் போடவில்லை. பெயரில்லாமல் எழுதிப் பழகியவன்தான். தவிர, இந்த நிலையத்தில் இருப்பது நான் ஒருவன்.