பின் ஜன்னல் திறந்திருக்கு

ஜோவானோட அப்பா,

நல்லாத் தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. மத்தியான ஷிப்டுக்குப் போயிட்டு வாரேன். பயம் குறையக் காலையில ஆஸ்பத்திரியில கழுத்துல ஊசி போட்டாங்கல்ல, அதான் ஒரு பக்கக் கண் இமை தொங்கி இருக்கு. ராத்திரிக்குள்ள சரியாயிடும்னாரு டாக்டர். கண்ணாடியைப் பாத்துக் கலங்காதீங்க. கஞ்சி அடுப்பு மேல இருக்கு. மெதுவாக் குடிங்க, ஊசி போட்டதுல புரையேறும். உங்க தம்பி கிளென் துணைக்கு வாரான், கேட்டைப் பூட்டல.

பின் ஜன்னலை நான்தான் திறந்தேன். பீடோர் ரோட்டுல உங்க லாரி டயர் வெடிச்சுக் கவுந்ததுலேருந்து, ரப்பர் காய் வெடிக்கிற மாசம் வந்தாலே அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்காம வீட்டை மூடிடுறோம். காலையில கார்ல வர்றப்பவும் ஜன்னலைத் திறக்கலாம்னதுக்குத்தானே சண்டை. "ஊசி போட்டா காய் வெடிக்காதா?"ன்னு கேட்டீங்க. வெடிக்கும்லா. சின்ன வயசுல தோட்டத்துல அந்தச் சத்தம் கேட்டாலே கொட்டை பொறுக்க ஓடுவோமே! நீங்க அதைச் சிமெண்டுல தேய்ச்சு என் கையில சூடு வைப்பீங்க. லயத்து வீடுங்க எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி நான் கத்துவேன்.

டோரிஸ்

இன்னொண்ணு: சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டா ஜன்னலைச் சாத்திக்குங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தூக்கிவாரிப் போடலேன்னா, பின்னால விழுந்த கொட்டை ஒண்ணு எடுத்து வைங்க. நான் வந்ததும் தேய்ச்சு என் கையில சூடு வைங்க. இந்தத் தடவ கத்த மாட்டேன்.