சாட்சிக்கு வராத ஊர்

மே 5, திங்கள்

வேலூரிலிருந்து வந்து சேர்ந்தாயிற்று. மாதனூரிலிருந்து உள்ளே ஒரு கிராமம், ஒரு குட்டிச் சபை, ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. அம்மா என்னை அனுப்பியது பக்தியில் அல்ல. வீட்டுக்கு ஐந்து நாள் நிம்மதி.

எங்கள் தலைவர் சாந்தகுமார் அண்ணன், நாம் உப்பாக இருக்க வேண்டும் என்று காலையில் பிரசங்கம் செய்தார். மத்தியானம் அவர் காபியில் இருந்தேன்.

பிள்ளைகளுக்குக் காணாமல்போன ஆட்டின் கதை. ஆடு எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். ‘தோல் ஷாப்புக்கு’ என்றது மொத்த வகுப்பும். தோல் பதனிடுகிற ஊரில் மேய்ப்பன் அவுட்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மூன்றாம் வகுப்பு சௌமியா என் பெயரைச் சொல்ல வந்து, “ரெ… ரெ…” என்று திக்கி நின்றாள். என் வாய் சும்மா இருக்குமா? “ரெயில் வருது, வழி விடுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

மே 6, செவ்வாய்

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். அது ‘சரி’யா, ‘போடி’யா?

வெள்ளிக்கிழமை நிறைவு விழா நாடகத்தில் மேய்ப்பன் அவள்தான். முடிவு செய்துவிட்டேன். பாவம், வேறு பிள்ளைக்குக் கொடு என்றார் அண்ணன். முடியாது. நான் மூடின வாய், நான்தான் திறக்கணும்.

சாயங்காலம் யாரும் இல்லாதபோது அவளே பக்கத்தில் வந்தாள். “அ… அம்மா முன்னாடி உக்காந்தா பேசுறேன்.”

அவ்வளவுதானே? அம்மா ஹேமலதா, ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்க நானே அறிவித்தேன்: வெள்ளிக்கிழமை மாலை அனைவரும் தவறாமல் வந்து சாட்சி சொல்ல வேண்டும். குரலில் என்ன ஒரு கம்பீரம்!

மே 7, புதன்

பாதிப் பிள்ளைகள் வரவில்லை. சௌமியாவும்தான். என்ன செய்து தொலைத்தேன்?

மே 8, வியாழன்

விடிந்ததும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் ஹேமலதாக்காவைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடவில்லை, எதிரே போய் நின்றேன்.

“இன்னா பாப்பா, உன்ன யாரு அனுப்பினது? நான் இனிமே எங்கயும் சாட்சி சொல்ல வர்றதா இல்ல.”

எந்தச் சாட்சி என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்தான் விளக்கினார். போன வருடம் ஒரு லாரி சைக்கிள்காரரை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். பார்த்தேன் என்று சொன்னவர் ஹேமலதாக்கா ஒருவர்தான். அன்றிலிருந்து கோர்ட்டு, வாய்தா, சம்பளம் பிடித்தம். அதைப் பார்த்துச் சாட்சி என்றாலே ஊர் கதவைச் சாத்துகிறது. அந்த ஊரில் நான் மைக் கட்டி…

“அலைஞ்சு அலைஞ்சு செருப்பு தேஞ்சுபோச்சு பாப்பா. ஷூ தைக்கிறவளுக்கே.”

இது வேற சாட்சி அக்கா, கடவுள் நமக்குச் செஞ்ச நல்லதை நாலு பேர் முன்னாடி சொல்றது என்றேன்.

“அங்கயும் குறுக்க கேள்வி கேப்பாங்களா?”

பஸ் வந்துவிட்டது.

சபையிலேயே வளர்ந்தவளுக்கு அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பதே மறந்துவிட்டது. வார்த்தையை வைத்து விளையாடுகிறவள் நான். இந்தத் தடவை அது என்னை வைத்து விளையாடிவிட்டது.

அந்த வார்த்தையை எடுத்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். காலங்காலமாகச் சொல்வது என்று இழுத்தார். “அவங்க வந்தாதானேண்ணா நாம எதையாவது சொல்ல முடியும்?” கொஞ்சம் யோசித்துவிட்டு மைக்கை நீட்டினார். காபியில் உப்புப் போட்டவளிடம் மைக்கைக் கொடுக்கப் பெரிய விசுவாசம் வேண்டும்.

மறுபடி ஆட்டோ. “யாரும் எதுவும் சொல்ல வேணாம், கையெழுத்து வேணாம். பிள்ளைங்க பேசும், கேட்டுட்டுப் போங்க, போதும்.” சந்தேகப்பட்ட வீடுகளில் இறங்கி, வாசலில் நின்று சொன்னேன். தொண்டை போய்விட்டது. போகட்டும்.

மே 9, வெள்ளி

பிள்ளைகள் வந்தார்கள். சௌமியாவும் கையில் கோலோடு வந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. கம்பெனி பஸ் லேட்.

ஆடு நான். பஸ் வரும்வரை கிடைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பெஞ்சுக்கு அடியில் போனேன், கீபோர்டுக்குப் பின்னால் ஒளிந்தேன், அண்ணனின் காலுக்கிடையில் புகுந்தேன். “கெடச்சித் தொலையேன்” என்று அவர் பல்லைக் கடித்தார். மே என்றேன்.

கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஹேமலதாக்கா உள்ளே நுழைந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தவழ்ந்து போய் மேய்ப்பனின் காலடியில் விழுந்தேன்.

“எ… எ… என் ஆடு கெடச்சிடுச்சு. எ… எல்லாரும் வாங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆடு மட்டும் மூக்கை உறிஞ்சியது.

கைதட்டல் ஓய்ந்ததும், யாரும் கூப்பிடாமலே ஹேமலதாக்கா எழுந்து நின்றார்.

“எம்பொண்ணு பேசினா. நான் பாத்தேன். இத எங்க வேணா வந்து சொல்றேன்.”

மே 10, சனி

ஊருக்குக் கிளம்பினோம். பஸ் நிற்கும் இடம் முழுக்கக் கம்பெனிப் பெண்கள். அத்தனை பேர் நடுவிலிருந்து சௌமியா ஓடி வந்தாள்.

“போ… போ… போ…”

விரட்டுறியா என்று கேட்க வாய் அரித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“போய்ட்டு வாங்கக்கா” என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ரெ… ரெயில் கொஞ்சம் லேட்டு.”