பச்சை டப்பா, மஞ்சள் டப்பா, காலித் தட்டு

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று சாம்பார். அபிஷா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இத்தனை திமிர் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

மனைவி தேவகுமாரி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து பக்கத்து லைன் வீட்டு பானுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். பொங்கலோடு அவள் திருப்பூருக்குக் குடிபோய்விட்டாள். அன்றிலிருந்து இந்த ஊட்டில் அடுப்புக்கு நான் அதிகாரி. எஸ்டேட் ரைட்டர், நூற்றிருபது பேருக்குத் தினமும் பேரெழுதிச் செக்ரோல் போடுகிறவன். துவரம்பருப்பு மட்டும் எனக்கு அடங்கவில்லை.

சேலத்திலிருந்து கொழுந்தியாள் சுதாராணி போன். “மாமா, புள்ளைய எங்கூட்டுக்கு அனுப்பிப்போடுங்க. ஜூன்ல இங்கயே ஸ்கூல்ல சேத்திக்கலாம். எலும்பும் தோலுமா ஆக்கி வெச்சிருக்கறீங்க.” அக்காவிடமும் சொல்லியிருக்கிறாள். ஈஸ்டர் வரை பார்ப்போம், தினமும் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க என்று தேவகுமாரி தீர்ப்பு. அதுவரை அபிஷா ஒழுங்காகச் சாப்பிட்டால் என்னோடு இருப்பாள். இல்லாவிட்டால் சேலம்.

நான் பெற்ற பிள்ளையை வைத்துக்கொள்ள நான் பரீட்சை எழுத வேண்டும். பத்தாவதிலேயே இரண்டு முறை எழுதினவன்.

மார்ச் 6

ஆபீஸில் ஸ்டெபின் ஒரு வழி சொன்னான். காயை நறுக்கி, மசாலாவை அளந்து, எப்படிச் செய்வது என்று அட்டையும் போட்டு டப்பாவில் அனுப்புகிறார்களாம். நாம் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். சேலத்திலிருந்து மலைக்கு அனுப்புகிற கம்பெனி இரண்டு. ஒன்று பச்சை டப்பா, ஒன்று மஞ்சள் டப்பா. இரண்டுக்கும் சொல்லியாகிவிட்டது. எது தேறுகிறதோ அதை வைத்துக்கொள்வது.

எங்கள் மஞ்சக்குட்டைக்கு வருமா என்று பச்சைக்காரியிடம் கேட்டேன். அது சேலத்தில் எந்த ஏரியா சார் என்றாள்.

மார்ச் 8

பச்சை டப்பா பஸ்ஸில் வந்தது. டிரைவர் அதை இன்ஜின் மேல் வைத்து ஓட்டியிருக்கிறார். இருபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் கீரை தானே வெந்துவிட்டது. கம்பெனி சொன்ன ‘பத்து நிமிடச் சமையல்’ உண்மைதான், எனக்கு முன்னாலேயே முடிந்திருந்தது.

அட்டையில் ‘உப்பு தேவையான அளவு’. அடப் பாவிகளா. மிளகை எண்ணிப் போட்டிருக்கிறான், கறிவேப்பிலையைப் பொட்டலம் கட்டியிருக்கிறான், எனக்குத் தெரியாத ஒன்றே ஒன்றை என்னிடமே விட்டுவிட்டான். யாருக்குத் தேவையான அளவு? போன் போட்டுக் கேட்டேன். உங்க டேஸ்ட்டுக்கு சார் என்றது ஒரு குரல். என் டேஸ்ட் சரியாக இருந்தால் உன்னிடம் ஏன்டா வருகிறேன்?

அபிஷா மூன்று வாய். மிச்சம் அப்படியே.

மார்ச் 14, வெள்ளி

மஞ்சள் டப்பா. வேன்காரன் ஏரி ரவுண்டானாவில் வைத்துவிட்டு ஓடிவிட்டான், நான் போகிறதற்குள் ஒரு குரங்கு அதைப் பரிசீலனை செய்துகொண்டிருந்தது. மீட்டுக்கொண்டு வந்து திறந்தால் கோழி. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி தொடக் கூடாது! இன்றே சமைக்கவும் என்று சிவப்பு எழுத்து வேறு. வாட்ச்மேன் செங்கோடன் வீட்டுக்குக் கொடுத்தேன். நொம்ப நல்லாருந்துச்சுங்க ரைட்டரய்யா, அடுத்த வெள்ளியும் வருங்களா என்றான்.

நாங்கள் ரசம். என் ரசம். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மார்ச் 19

ஒரு நோட்டில் தட்டுக்குச் செக்ரோல் போட்டுவிட்டேன். தேதி, டப்பா, அபிஷா தின்றது முழுசா, பாதியா, காலா. பச்சைக்கு எல்லாம் கால். மஞ்சளுக்குக் கால், பாதி, பாதி. மஞ்சள் முந்துகிறது.

நோட்டை அவள் பார்த்துவிட்டாள். “நான் என்ன உங்க எஸ்டேட்டு ஆளாப்பா? அரை நாள் போட்டுக்கங்க” என்றாள். ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் சுதாராணி. கையில் தூக்குப்போசி, உள்ளே கோழிக்குழம்பு. நேராக அடுப்படிக்குப் போனாள். மஞ்சள் டப்பாவை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள்.

“மாமா, இதைக் கொதிக்க வெக்கறதுக்குப் பேரு சமையலுங்களா?”

“உங்கூட்டுல மட்டும் கோழி தானா வந்து குழம்புல குதிக்குதா?” என்றேன்.

“எங்கூட்டுக்கு வந்தா பதினஞ்சு நாள்ல தேத்திக் காட்டறேன். நீங்க ஆளை நிறுத்தி வெச்சுப் பேரெழுதுங்க. அதான் உங்களுக்கு வரும்.”

அப்புறம் நான் சொன்னதும் அவள் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றதல்ல. அபிஷா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியின் கோழிக்குழம்பையும் பாதியில் வைத்துவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூடாது.

மார்ச் 25

எழுதத்தான் வேண்டும்.

இன்று மஞ்சள் டப்பா, காய்க் குருமா. உப்புக்கூடச் சரியாக விழுந்தது. என் வாழ்நாளில் நான் வைத்த நல்ல குழம்பு இதுதான். அபிஷா பாதியில் எழுந்துவிட்டாள். போட்டோ அனுப்ப வேண்டும். அந்தப் பாதித் தட்டை சுதாராணி பார்த்தால் என்ன சொல்லுவாள் என்பது காதிலேயே கேட்டது.

மிச்சத்தை நான் தின்றேன். விரலால் வழித்துத் துடைத்தேன். போட்டோ எடுத்தேன். அனுப்பினேன்.

தேவகுமாரி ஒரு இதயமும் கும்பிடும் கையும் போட்டாள்.

மகள் எச்சிலைத் தின்று பேர் வாங்கினவன் இந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஒரு நாள்தானே.

ஏப்ரல் 2

ஒரு நாள் அல்ல. எட்டு நாள்.

பச்சை டப்பாவை நிறுத்திவிட்டேன். மஞ்சள்தான் என்று முடிவு. எட்டு நாளும் காலித் தட்டு. சுதாராணியிடமிருந்து ஒரு பேச்சில்லை. ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. சட்டை வயிற்றுப் பித்தான் ஒன்று போய்விட்டது.

ஏப்ரல் 12

தேவகுமாரி காலையில் கூப்பிட்டாள். ஆகஸ்டில் முடிகிற வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாளாம். “புள்ள தட்டப் பாத்துத்தானுங்க எனக்கு மனசு நின்னுச்சு. உங்ககிட்டயே இருக்கட்டும். சுதாகிட்டயும் சொல்லிட்டேன்.”

ஜெயம். அபிஷாவிடம் நானே சொன்னேன், சிரித்துக்கொண்டு சொன்னேன். அம்மா உன் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இரண்டு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றேன்.

எந்தத் தட்டு என்று கேட்டாள். போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“இது நான் சாப்பிட்டது இல்ல.”

சட்டையில் பித்தான் போன இடத்தை இழுத்துப் பிடித்தேன்.

“நான் நல்லா சாப்பிடறேன்னு தெரிஞ்சா அம்மா அங்கயே இருந்துக்கும். அதுக்குத்தான் சாப்பிடாம இருந்தேன். ஆகஸ்ட்ல வந்திருக்கும்ப்பா. நீங்க தின்னுட்டு நான் தின்ன மாதிரி அனுப்பிப்போட்டீங்க.”

போனை என் மேல் எறியவில்லை. மேசை மேல் மெதுவாக வைத்தாள். எறிந்திருக்கலாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கோயிலுக்கு அவள் வரவில்லை. நான் ஓலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

என்ன வேலை பண்ணிப்போட்டேன். பட்டினி கிடந்து புள்ள அம்மாவக் கூப்பிட்டிருக்குது. நான் உக்காந்து எந்த டப்பா நல்ல டப்பான்னு நோட்டுப் போட்டிருக்கறேன் — பச்சையாம், மஞ்சளாம். அது பேசாம இருந்ததெல்லாம் என் ரசத்தாலேன்னு நெனச்சேனே. அவ்வளவு பெரிய ஆளா நானு?

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அபிஷாவும் இனி வாய் திறக்க மாட்டாள். சொன்னால் தேவகுமாரி பிள்ளையைச் சேலத்துக்கு அனுப்பிவிடுவாள். அதுவும் நிச்சயம்.

ஏப்ரல் 14

சொல்லிவிட்டேன். முழுசாக, அத்தனை நாளையும், பித்தான் உட்பட. அபிஷா சொன்னதையும் சொன்னேன்.

தேவகுமாரி முழுசும் கேட்டாள். அப்புறம், “அந்தப் போட்டோவ எல்லாம் டூட்டியில கூட இருக்கறவங்ககிட்ட காட்டினேனுங்க. எம்புள்ள பாரு, எப்படி வழிச்சுச் சாப்பிட்டிருக்குதுன்னு.”

கட் பண்ணிவிட்டாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

எனக்குப் போன் வரவில்லை. அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே காப்பிச் செடியில் கிளை ஒடிக்கிற மாதிரி நின்றிருந்தேன்.

மதியம் சுதாராணி வந்தாள். திட்டவில்லை. “மாமா, நான் உங்ககூடச் சண்டை போட்டது நேருக்கு நேரா” என்று மட்டும் சொன்னாள். இதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 22

மஞ்சள் டப்பாவையும் நிறுத்தினேன். எதற்கு நிறுத்துகிறீர்கள், ருசியில் குறையா என்று கம்பெனிப் பெண் கேட்டது. இல்லைம்மா, குருமா முதல் தரம் என்றேன்.

மே 9

அபிஷா லீவுக்குச் சேலம் போயிருக்கிறாள். நீட்டச் சொல்லி எழுதியதை தேவகுமாரி திரும்பப் பெற்றுவிட்டாளாம். சுதாராணி மூன்றாவது ஆளிடம் சொல்லுகிற மாதிரி போனில் சொன்னாள்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தது. அபிஷா இங்கேதான். சேலத்தில் சேர மாட்டேன், உங்கள் சமையல் அம்மா வருகிற ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் என்று அவளே கண்டித்துச் சொல்லியிருக்கிறாள். தோசை ஊற்றினேன். கிழிந்தது. இரண்டு தின்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேவகுமாரி வந்து ஐந்து நாள் ஆகிறது. பஸ்ஸில் அவள் தோளில் அபிஷா தூங்கிக்கொண்டே மலையேறினாள். நான் பின் சீட்டில், பெட்டிகளோடு. அன்றிலிருந்து என்னிடம் ஒரு பேச்சில்லை. தேவைப்பட்டால் அபிஷா மூலமாகச் சொல்லி அனுப்புகிறாள், அவளும் அலுத்துக்கொண்டு சொல்லுகிறாள்.

இன்று மதியம் மட்டன். அடுப்படியில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தேன். அபிஷா வந்து, சோறு போட்டாச்சு என்றாள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. போய் உட்கார்ந்தேன், மூன்று பேரும் சாப்பிட்டோம், யாரும் யாரையும் பார்க்கவில்லை. அபிஷா இரண்டாவது தடவை சோறு கேட்டாள்.

நான் எழுந்திருக்கும்போது தேவகுமாரி என் பக்கம் திரும்பாமலே, “ஏனுங்க, உங்க தட்ட நீங்களே கழுவி வைங்க” என்றாள்.

கழுவி வைத்தேன்.