இரண்டாவது நட்டு

செவ்வாய், 3

விடியலிலிருந்து தூறல். ரப்பர் மரங்களில் பால்வெட்டு தாமதம்.

கா. 9. ரப்பர் கொட்டகை எஞ்சின் நின்றது. டீசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் இரும்புக் குழாய் வெடித்துவிட்டது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய். கழற்றப் போன அண்ணன் சூடான புகைக்குழாயைப் பிடித்துவிட்டான். வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அண்ணனிடம் சொன்னது: "வெள்ளிக்குள்ள ஓடணும், முத்து. இல்லன்னா துரை சிரம்பான்லேருந்து வேற ஆள் கொண்டாருவாரு. நீ மறுபடி பால்வெட்டுக்குத்தான் போகணும்."

அண்ணன் எஞ்சின்காரனாகி நாலே மாதம். எண்ணெய் வாடைச் சட்டையை அம்மா துவைத்தால்கூடக் கோபம் வரும் அவனுக்கு.

ஸ்டோரில் புதுக் குழாய் ஒன்றுதான். தேவைக்கு மேல் இரண்டு விரல்கடை நீளம். முனைகளை நாமே செய்ய வேண்டும்.

"என் கை ஆகாது. நீ வந்து கருவியைச் சுத்து, நான் சொல்றேன்," என்றான் அண்ணன்.

"நானா?"

"வேற ஆளைக் கூப்பிட்டா ஆளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க லா. நீதான் பேசவே மாட்டியே."

புதன், 4

வெயில். எஞ்சின் இல்லாததால் பெண்கள் ரப்பர் தகடு அழுத்தும் மிஷினைக் கையாலேயே சுற்றுகிறார்கள். ஒரே ஏச்சு.

அவசரகாலம் வந்ததிலிருந்து எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி; கொட்டகை அதற்கு வெளியே. ஸ்டோரிலிருந்து குழாயை நான் எடுத்துப் போனேன். முள்கம்பி கேட்டில் போலீஸ்காரர் நிறுத்தினார். இது துப்பாக்கிக் குழலா என்று கேட்டார். நான் குழாயை நீட்டிக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற பால்வெட்டு மாரியக்காதான் சொன்னாள்: "எஞ்சினுக்கு, சார்! இந்தக் கமலம் புள்ள வாயை வீட்டுலயே பூட்டி வெச்சிட்டு வரும்." வரிசையே சிரித்தது.

வேலை முறை (மறக்காமலிருக்க):
– முதலில் அந்த முனையை எஞ்சினில் முறுக்கும் நட்டைக் குழாயில் கோர்க்க.
– முனைக்குச் சற்றுப் பின்னால் வளையம். ஊது விளக்கால் சூடாக்கி, பித்தளை உருக்கி ஒட்ட.
– பிறகு கைவெட்டி என்ற சீவு கருவியை மாட்டி, முனையைக் கூம்பாகச் சீவ. கால் சுற்று, ஒரு சொட்டு எண்ணெய். பின்னோக்கிச் சுற்றவே கூடாது.

வளையம் ஒட்டிவிட்டால் நட்டு அதைத் தாண்டாது. அதனால்தான் நட்டு முதலில்.

இரும்புச் சுருள் மரவள்ளித் தோல் மாதிரி சுருண்டு விழுகிறது. பார்த்துக்கொண்டே பின்னோக்கிச் சுற்றிவிட்டேன். கூம்பில் கீறல். கீறல் வழியே பீய்ச்சும் டீசல் தோலையே துளைக்குமாம். முனையை அறுத்து மறுபடி முதலிலிருந்து. இரண்டு விரல்கடையும் போயிற்று. அண்ணன் திட்டவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

வியாழன், 5

முதல் முனை முடிந்தது. கூம்பு எஞ்சினில் உள்ள குழியில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க நீலச் சாயம் தடவ வேண்டுமாம். சாயம் இல்லை. என் கண் மையைக் கேட்டான்.

"எஞ்சினுக்கு மையா?"

"அதுக்கும் கல்யாண ஆசைலா."

கூம்பில் மை பூசி, குழியில் அழுத்தி எடுத்தோம். குழிக்குள் முழு வட்டமாக மை. எங்கும் அறுபடவில்லை. அண்ணன் இடது கையால் என் தலையில் தட்டினான். தலை முழுக்க எண்ணெய்.

வெள்ளி, 6

இன்றே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது முனை. துரை வந்துவிட்டார், கிராணி, பால்வெட்டை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோரும். அண்ணனுக்கு வியர்வை. "எவ்வளவு நேரம்?" என்று கிராணி மூன்று தடவை கேட்டார். அண்ணன் அவசரமாக வளையத்தை மாட்டி ஊது விளக்கைப் பற்றவைத்தான்.

என் இடுப்பு மடியில் ஏதோ குத்தியது. நட்டு. தொலையாமலிருக்க நான் முடிந்து வைத்த இரண்டாவது நட்டு. குழாயில் ஒன்றுதான் இருந்தது.

அறுத்துச் செய்ய இனி நீளம் கிடையாது. எல்லோரும் பார்க்கிறார்கள். மடியை அவிழ்த்து நட்டைக் கையில் எடுத்தேன். வளையம் சிவக்க ஆரம்பித்தது. அண்ணன் பித்தளைக் கம்பியை எடுத்தான்.

"அண்ணே, நட்டு!"

என் குரலா அது? துரையே திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் விளக்கை இறக்கினான். என் கையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. வளையத்தை இடுக்கியால் உருவி, நட்டைக் கோர்த்து, மறுபடி மாட்டினான்.

"யாருலா கத்துனது?" என்றார் மண்டோர்.

"என் தங்கச்சிதான். அதைக் கேட்டுத்தான் நான் வேலை செய்றேன்."

சுற்றினேன். கால் சுற்று, ஒரு சொட்டு. ஒருமுறைகூடப் பின்னோக்கி இல்லை. மை வட்டம் முழுசு. ம. 3 எஞ்சின் ஓடியது. குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி தமிழில்: "நீயே இரு, முத்து."

சனி, 7

மழை. அண்ணன் கைக்குக் கட்டு மாற்றினேன். கொப்புளம் வற்றுகிறது.

பசாரிலிருந்து புது மை டப்பா வாங்கி வந்திருக்கிறான். பழையதை நான் கேட்டேன், தரவில்லை. கொட்டகையில் கைவெட்டிக்குப் பக்கத்தில், சாமான் பலகையில் இருக்கிறதாம். மதியம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்குக் கீழும் சாக்குக்கட்டியால் அதன் பெயர். டப்பாவுக்குக் கீழே: கமலம்.