தேவகி சுருட்டிய வளையம்

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ரோடெல்லாம் சேறு. பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு குரோம்பேட்டை போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வாட்ச்மேன்: "இன்னா சார், நாத்து நடவா?"

சலவைப் பிரிவில் நுழைந்ததும் தேவகி வழிமறித்தாள். "அண்ணா, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன். பொழிச்சலூர்லயே ஒரு குடோன்ல பாக்கிங் வேலை. வூட்டாண்ட, நடந்தே பூடலாம்."

"இங்க என்னம்மா குறை?"

"இங்க இன்னாண்ணா கீது? அழுக்கா வருது, தொவைக்கிறோம். மறுபடி அழுக்கா வருது."

எனக்கும் அதே சந்தேகம் உண்டு. அவள் போனால் கூட வரும் ரெண்டு பெண்களும் போவார்கள். வேலை தேங்கும். நிர்வாகம் சலவையை வெளியாளிடம் கொடுத்துவிடும். சூப்பர்வைசர் நான் மட்டும் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் ப்ரியாவிடம் கேட்டேன். பி.பி.ஏ. படிக்கிற மகள் எதற்கு இருக்கிறாள். "ரெகக்னிஷன்ப்பா. நல்லா வேலை செய்றவங்கள எல்லாருக்கும் தெரியற மாதிரி பாராட்டணும்." பத்தாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய எனக்கே உடனே புரிந்தது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. வாங்கியது: ஆணி, கொசுவர்த்தி, சாமந்தி ஒரு முழம்.

தேவகியின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டினேன். வெறுமையாக இருந்தது. சாமந்தியைச் சுற்றினேன். பக்கத்தில் சின்ன பல்பு. கீழே 'நமது தேவகி'.

காலை ஷிப்ட் உள்ளே வந்தது. ஒருத்தி செருப்பைக் கழற்றினாள்.

கடைசியாகத் தேவகி. நின்று பார்த்தாள். "இன்னாண்ணா, நான் எப்போ பூட்டேன்? ஒரு வார்த்தை சொல்லவேயில்ல."

மத்தியானம் படத்தில் குங்குமம். முன்னால் ஒரு மசால்வடை, டம்ளரில் தண்ணீர். "காரியம் என்னிக்கு சார்?" என்று ஒருத்தி கேட்டாள். படத்தைக் கழற்றிவிட்டேன். வடையை நான்தான் சாப்பிட்டேன்.

ப்ரியா: "மாலை போடச் சொல்லி நான் சொன்னேனாப்பா?" அவள் அம்மா: "பதினாறு நாள் முடியறதுக்குள்ள எடுத்துட்டீங்களே."

கிளம்பும்போது தேவகி சொன்னது மட்டும் போகவில்லை மனதை விட்டு. "நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியுது. போட்டோவ வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்?"

நவம்பர் 14, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பச்சைக் குழந்தைகள் வார்டு ஸ்டெல்லா சிஸ்டர் கீழே இறங்கி வந்தார். வழக்கமாக போன்தான், 'ஷீட் எங்கே' என்று. இன்று நேரில்.

"குறை மாசத்துல ஒரு பையன் பிறந்திருக்கான். சும்மா படுக்க வெச்சா கை காலை உதறிக்கிறான், பயந்துக்கிறான். சுத்தி துணியில ஒரு வளையம் வேணும், அம்மா வயித்துக்குள்ள இருக்கற மாதிரி. யாருக்குச் சுருட்ட வரும்?"

எல்லோரும் தேவகியைப் பார்த்தோம்.

இப்படி மடி, அப்படி மடி என்று சிஸ்டர் சொல்லவேயில்லை. குழந்தைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தேவகி பழைய ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இது மொரடு." தள்ளினாள். "இதுவும்." சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். டீ ஆறிப்போனது.

துணி நீராவியில் சுத்தமாகி மேலே போனதும் சிஸ்டரிடமிருந்து போன். "தேவகி, மேல வந்து பாரும்மா. சரியா இருக்கானு நீதான் சொல்லணும்." நானும் ஒட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷமாக எங்கள் துணி மட்டுமே போன மாடி அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு உயிர். கால் உதைத்துக்கொண்டிருந்தது. பாதம் துணி வளையத்தில் பட்டது. நின்றது. அப்படியே தூங்கிவிட்டான்.

தினம் மூட்டை மூட்டையாகத் தள்ளுகிற அதே ஷீட்.

தேவகி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி அந்தப் பாதத்தையே பார்த்தாள். பிறகு, "காலாண்ட கொஞ்சம் லூசா கீது சிஸ்டர். நாளைக்கு வேற தரேன்."

நவம்பர் 18, செவ்வாய்

கொட்டுகிறது. ரயில் தாமதம். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துப் போனேன். எனக்கு முன்னால் தேவகி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

தினமும் காலையில் சிஸ்டர் போன் செய்கிறார். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். நான் பேசி என்றைக்கு நிறுத்தினார்கள்? "நல்லா தூங்கினான். எடை ஏறியிருக்கு." உடனே பின்னாலிருந்து, "பால் குட்ச்சானா கேளு."

சிஸ்டரிடம் கேட்டேன், இதற்கு ஏதாவது கோர்ஸ் உண்டா என்று. சிரித்தார். "அவங்க துணி எங்க போய் என்ன செஞ்சுதுனு சொல்றேன். அவ்ளோதான் சார். முன்னாடி யாரும் சொன்னதில்லையா?"

இல்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான். எனக்கே தெரியாதே.

தேவகியிடம் மெல்ல குடோன் பேச்சை எடுத்தேன். "பையன் வூட்டுக்குப் போற வரைக்கும் இருக்கேண்ணா."

ஆக, குழந்தை சீக்கிரம் தேறி வீட்டுக்குப் போக வேண்டும். ரொம்பச் சீக்கிரம் வேண்டாம். இப்படியும் ஒரு மனுஷன் நினைப்பானா? நினைத்தேன். பிள்ளையார் கோயில் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

பல்வலி. கிராம்பு.

பையன் டிஸ்சார்ஜ். சிஸ்டர் போனில் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பலமாகத் தட்டினேன், மனசாரத்தான். தேவகி கையைக் கழுவினாள், பையை எடுத்தாள், சீக்கிரமே கிளம்பினாள். "குடோன்ல வரச் சொன்னாங்கோ." படம் மாட்டியவன் பேசாமல் இருப்பதே நல்லது.

டிசம்பர் 9, செவ்வாய்

நல்ல வெயில். தனியாகச் சமாளிக்க வேண்டுமே என்று சீக்கிரமே போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே தேவகி, பழைய ஷீட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு. போன் அடித்தது. கையை நீட்டினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சொல்லுங்க சிஸ்டர். அந்த பெட்டுக்கு இப்போ யாரு வந்துகீறாங்க?... பொண்ணா? எம்மாம் சைசு கீது, அத்த சொல்லுங்க மொதல்ல."