விளக்குப் போட்டதும் விரிந்த பவளம்

சுவாதி கண்ணு,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ராத்திரி மாதிரி கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதே. தேயிலை விலைக் கூட்டத்துக்காக நான் குன்னூர் போகிறேன்.

அம்மா கடல் பவளம் வளர்த்த கண்ணாடித் தொட்டியை விலைக்கு வாங்கக் கோயம்புத்தூர்க்காரர் வருவார். வர வேண்டாம் என்று சொல்லப் போன் போட்டேன், எடுக்கவில்லை, கிளம்பியிருப்பார். டீ போட்டுக் கொடு. தொட்டியைக் கொடுக்காதே.

அம்மா போன பிறகு இது பிழைக்காது, விற்றுவிடலாம் என்று நேற்று உன்னிடம் கத்தினேன். இன்று காலை விளக்கைப் போட்டதும், போன மாதம் நீ வெட்டிக் கல்லில் ஒட்டிய பவளத் துண்டு விரிந்தது. சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்கள், நடுவில் ஆரஞ்சு. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதல் தடவை வெட்டியபோது அம்மா, தேயிலை நாற்றங்கால் பழக்கத்தில், தொட்டிக்கு நிழல்வலை போட்டு மூடிவிட்டாள். ஒன்றுகூட விரியவில்லை. வலையை எடுத்த பிறகுதான் விரிந்தன. "ஏனுங்க, இதுக்கு வெளிச்சந்தானுங்க சோறு! நாம பட்டினி போட்டுட்டமே!" என்று சிரித்தாள். இலை விலை விழுந்த அந்த வருஷம் இந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

நீ எதையும் போட்டு மூடவில்லை. அவள் கை உனக்கு வந்திருக்கிறது.

அப்பா

தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது; வற்றினாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உனக்குத் தெரியும், எனக்கு மறக்காமல் இருக்க எழுதினேன்.

கரண்ட் போனால், தண்ணீர் குளிர்ந்துவிடாமல் தொட்டிக்கு என் கம்பளியைச் சுற்று.

அடுத்த துண்டு வெட்டும்போது என்னையும் கூப்பிடு. பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.